லயனல் பெட்டிஃபரின் ஒன்பதடி

மனிதர்களில் பிழைபொறுக்கி என்றோர் இனம் உண்டு. உலகத்தில் இது இல்லாத ஊர் கிடையாது. திருமண அழைப்பு வந்தால் மணமகள் பெயரைப் பார்க்குமுன் காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது எழுந்து, இறந்தவர் பிறந்த ஆண்டைத் திருத்துவார். உணவகத்தில் பசியோடு உட்கார்ந்து, மெனு அட்டையில் எழுத்துப்பிழை எண்ணி, பசியாறிவிடுவார். ஆனால் இந்த இனம் நன்றாகக் கொழுத்து வளர வேண்டுமானால் அதற்கென்று ஒரு மேய்ச்சல் நிலம் வேண்டும். எப்போதோ ஒரு பழைய திரைப்படம் எடுக்கப்பட்ட சிற்றூரைப் போன்ற மேய்ச்சல் நிலம் வேறெங்கும் இல்லை.

கார்ன்வால் கரையிலுள்ள எங்கள் போல்வென்னர் அப்படிப்பட்ட ஊர். அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு படம் எடுத்தார்கள். 'நண்டுத் துறை மர்மம்'. கறுப்பு வெள்ளை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு அம்மாக்கள் நிம்மதியாகக் கடைக்குப் போவதற்கென்றே எடுத்த படங்களில் ஒன்று. நான்கு பிள்ளைகள், ஒரு நாய், மறதிக்கார மாமா ஒருவர், தாடி வைத்திருப்பதனாலேயே கெட்டவர்கள் என்று தெரிந்துவிடுகிற மூன்று பேர். தேவாலயத்து வெள்ளிக் கிண்ணம் களவு போகிறது. பிள்ளைகள் சொல்வதைப் பெரியவர்கள் யாரும் நம்புவதில்லை. பிள்ளைகள் இஞ்சி பீர் என்கிற சோடாவைக் குடித்துவிட்டுத் துப்பறிகிறார்கள். கடைசியில் அந்த நால்வரில் ஒரே பெண்ணான சிறுமி, கிண்ணத்தைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு, தாடிக்காரர்கள் துரத்தத் துரத்த, குகை வாயிலில் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் கடலுக்கு மேலே தாவுகிறாள். போலீஸ் வருகிறது. எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். சுபம்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை விடுமுறையன்று இதை ஊர் மன்றத்தில் திரையிடுவோம். தேநீர் மேசை என் பொறுப்பு. ஆகவே லயனல் பெட்டிஃபரைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது.

காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்டக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளம் புகுந்த வீட்டுக்குள் போய், "இந்தக் கம்பளம் வெள்ளத்துக்கு முன்னாலயே கிழிஞ்சிருந்ததே" என்று கண்டுபிடித்து முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர். தொழில் போனாலும் கண் போகவில்லை. இரண்டாவது வரிசையில் ஓர இருக்கை, முதுகுக்கு ஒரு மெத்தை, கையில் விரல் பருமனுள்ள டார்ச் விளக்கு. படம் தொடங்கி நாய் குரைப்பதற்குள் இவர் தொடங்கிவிடுவார்.

"சரியாச் சொல்லணும்னா, அது அந்த நாயே இல்ல. போன காட்சியில இடது காது மடங்கியிருந்தது."

மாமா கதவைத் திறந்தால், "நிழலைப் பாருங்க, மைக் தொங்குது." பிள்ளைகள் குகைக்குள் ஓடினால், "உள்ள போறப்ப கடல் வத்தியிருக்கு, அடுத்த நொடியில முழங்கால் தண்ணி. கடல் அப்படி நடந்துக்காது." படத்தில் சிறுமி ஸ்கோன் ரொட்டியைப் பிளந்து முதலில் பாலாடையைத் தடவி அதன் மேல் ஜாம் வைக்கிற இடம் ஒன்று வரும். அதற்கு மட்டும் ஊரே சேர்ந்து முனகும். ஜாம்தான் முதலில் என்பது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய மதம். அந்த ஒரு நொடி பெட்டிஃபருக்கும் ஊருக்கும் ஒற்றுமை. மற்றபடி, ஒருமுறை கெட்டவர்கள் சிறுமியைக் கட்டிப்போடும் காட்சியில் முன்வரிசைக் குழந்தை ஒன்று அழ ஆரம்பிக்க, இவர் குனிந்து, "அழாதே கண்ணு, அது தப்பான முடிச்சு, இழுத்தா கழண்டுடும்" என்று ஆறுதல் சொன்னார். குழந்தை அழுகையை நிறுத்தியது. படம் பார்ப்பதையும் நிறுத்தியது.

இத்தனையும் படத்தின் மேல் வெறுப்பினால் என்று நினைத்தீர்களா? இல்லை. அந்தப் படத்தை அவர் அளவுக்கு நேசிப்பவர் ஊரில் யாருமில்லை. சில பேர் பிள்ளையைக் கொஞ்சுவதே காதைத் திருகித்தான். வேறு விதமாகக் கொஞ்ச அவர்களுக்குத் தெரியாது.

இந்த ஆண்டு அறுபதாவது ஆண்டு. குகைக்கு மேலே மலைப்பாதையில் ஒரு நினைவுப் பலகை பதிப்பது என்று தீர்மானித்தோம். அதற்கென்று அமைத்த குழுவுக்குத் தலைவர் யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். பொருளாளர் கிவெண்டா, மீன் வறுவல் கடைக்காரம்மா. யாரைக் கண்டாலும் ராசா, கண்ணு என்றுதான் அழைப்பார், வரி அதிகாரியைக்கூட. திரையிடலுக்கு விருந்தாளியாக மேவிஸ் ட்ரெலோர் வந்தார். அந்தச் சிறுமியாக நடித்தவர். படத்துக்குப் பிறகு யாரும் அவரை நடிக்கக் கூப்பிடவில்லை. லெஸ்டர் நகரத்தில் முடிதிருத்தும் நிலையம் வைத்து நாற்பது வருஷம் ஓட்டினார். எழுபதைத் தாண்டியவர், தலைமுடிக்குத் தாமிர நிறம் பூசி, உதட்டுச் சாயம் கொஞ்சமும் பிசகாமல், தன்னைப் பார்க்கத்தான் கூட்டம் வந்திருக்கிறது என்று தெரிந்து நடக்கிற நடை.

படம் முடிந்து விளக்கைப் போட்டோம். கைதட்டல். மேவிஸ் எழுந்து, அந்தத் தாவல் காட்சியைப் பற்றிச் சொன்னார்.

"எனக்குப் பதிலாத் தாவ ஒரு பையனைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பொய்முடியெல்லாம் வெச்சு. அவன் கீழ எட்டிப் பார்த்தான், காலையில சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்திருச்சு. வெளிச்சம் போயிட்டிருந்தது. நான் போய்த் தாவிட்டேன். டைரக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'வெளிய சொல்லாதேம்மா, சின்னப் பிள்ளையைத் தாவ விட்டோம்னு நம்ம எல்லாரையும் உள்ள வெச்சுடுவாங்க' அப்படின்னார். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. இனிமே சொன்னா என்ன?"

மன்றம் மறுபடி கைதட்டியது. இரண்டாவது வரிசையில் டார்ச் விளக்கு எரிந்தது.

"சரியாச் சொல்லணும்னா, அது நீங்க இல்ல."

கொல்லன் தெருவில் ஊசி விற்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கொல்லனிடமே போய், 'நீ கொல்லன் இல்லை' என்று சொல்பவரை அன்றுதான் பார்த்தோம்.

"நான் இல்லைன்னா?" என்றார் மேவிஸ்.

"கெண்டைக்காலைப் பாருங்க, மிஸ் ட்ரெலோர். அது பையனோட கால். முடி மொத்தமா ஒரே துண்டா அசையுது, அப்ப அது பொய்முடி. இடைவெளி ஒன்பதடி, நான் திரையில அளந்திருக்கேன். பதினோரு வயசுப் பொண்ணு ஒன்பதடி தாவ முடியாது. படத்துல பேரும் அந்தப் பையனுக்குத்தான் போட்டிருக்கு."

"அது என் கால்தான் மிஸ்டர் பெட்டிஃபர். இப்பவும் என்கிட்டதான் இருக்கு. காட்டட்டுமா?"

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. பலகையில் எழுதப்போகும் வாசகம் ஏற்கெனவே அவர் பையில் தயாராக இருந்தது: 'இவ்விடத்தில் ஒரு சிறுவன் தாவினான்.' அந்த வாரமே வார்ப்புக்குப் போக வேண்டும். ஒருமுறை உலோகத்தில் வார்த்துவிட்டால் அதுதான் வரலாறு.

அன்று தேநீர் மேசையில் மேவிஸ் என் எதிரே கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாழ்க்கையில நான் தைரியமாச் செஞ்சது அது ஒண்ணுதான். மத்தபடி அடுத்தவங்க தலைமுடியை வெட்டினேன், அடுத்தவங்க குடும்பக் கதையைக் கேட்டேன், ஒரு புருஷனைப் பொறுத்துக்கிட்டேன். அந்த ஒண்ணையும் வாந்தியெடுத்த பையனுக்குத் தூக்கிக் கொடுக்கணுமாம்."

பெட்டிஃபரின் தேநீரில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பிழைபொறுக்கியின் தனிக்குணம் ஒன்று: வெல்வது போதாது, தோற்றவர் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். "நாளைக்கே இடத்துக்குப் போய் அளந்துடுவோம்" என்றார். குழுவின் சார்பில் கிவெண்டா, சாட்சிக்கு நான், குற்றவாளியாக மேவிஸ்.

அந்தக் குகைக்கு மணலில் நடந்து, ஒரு பாறை முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் மட்டுமே வழி. இங்கே ஒரு சங்கதி. கோடை வந்தால் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பது எங்கள் வழக்கம். இதைக் கடலுக்கு யாரும் தெரிவிப்பதில்லை. அதனால் கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் அலை அட்டவணைகள் வருஷம் முழுவதும் பழைய நேரத்திலேயே அச்சாகும். கோடையில் பார்க்கிறவர்தான் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். சுற்றுலா வருபவர்களுக்கு இது தெரியாது. பெட்டிஃபர் கோடை முழுவதும் துறைமுகத்தில் நின்று, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும், "ஒரு மணி கூட்டுங்க, ஒரு மணி கூட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த ஆண்டு துறைமுகத்தில் புதுப் பலகை வைத்திருந்தார்கள். கடல் மூன்று மணிக்கு முழுக்க வற்றும் என்றது பலகை.

"அப்படின்னா நாலு மணி" என்றார் பெட்டிஃபர்.

"பலகை புதுசு ராசா. அடியில ஏதோ பொடி எழுத்துல போட்டிருக்கு. என் கண்ணாடி கடையில கெடக்கு" என்றார் கிவெண்டா.

"விளம்பரமா இருக்கும். நாலு மணி. கடல் வத்தி ஓய்ஞ்ச நேரத்துல போறோம், அவசரமே வேண்டாம்."

அந்தப் பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். 'கோடைக்கான ஒரு மணி ஏற்கெனவே கூட்டப்பட்டுள்ளது.' ஊரெல்லாம் தவறு செய்கிறது என்று நம்புகிறவருக்கு, ஊர் திருந்திவிட்டது என்ற செய்தி கடைசியாகத்தான் போய்ச் சேரும். திருத்தப்பட்டதையே அவர் மறுபடி திருத்தினார்.

நாலு மணிக்கு நடந்தோம். முனையைச் சுற்றும்போதே பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே மணல் குறுகலாக இருந்தது. குகை வாயிலில் ஒரு திட்டுப் பாறை; அதற்கு எதிரே இன்னொரு பாறை; நடுவே ஆழமான பிளவு, அடியில் கடல். எதிர்ப்பாறையிலிருந்து மேலே மலைப்பாதைக்குக் கல்லில் வெட்டிய படிகள். படத்தில் பார்த்தது பார்த்தபடியே இருந்தது, ஒன்றைத் தவிர.

பெட்டிஃபர் அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையை எதிர்ப்பாறைக்கு எறிந்து இழுத்து, படித்தார். மறுபடி எறிந்தார். மறுபடி படித்தார்.

"எவ்வளவு?" என்றார் மேவிஸ்.

"நாலடி சொச்சம். அறுபது வருஷத்துல பாறை நகர்ந்திருக்கும்."

"கடல் அரிச்சா இடைவெளி கூடத்தானேப்பா செய்யும், எப்படிக் குறையும்?" என்றார் கிவெண்டா.

அதற்கு ஒரு நீண்ட விளக்கம் தொடங்கியது. பாறை வகைகள், நிலத்தின் அசைவு, திரையில் அளக்கும் முறை, கெண்டைக்காலின் இலக்கணம். நாங்கள் திட்டில் உட்கார்ந்து கிவெண்டா கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே கேட்டோம். மேவிஸ் மட்டும் கேட்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஏறுது."

"இல்ல, இறங்குது. இப்பதான் வத்தி முடிக்கிற நேரம்."

"மிஸ்டர் பெட்டிஃபர், உங்க பை மிதக்குது."

மணலில் வைத்திருந்த அவருடைய பை, நினைவுப் பலகை வாசகத்தை வயிற்றில் சுமந்தபடி, எங்களை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "இது தற்காலிகம்" என்றார்.

நான் முனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த வழியில் மணலே இல்லை. அலை பாறையில் மோதித் தலைக்கு மேல் தெறித்தது. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. குகையின் உட்சுவரில், என் தலைக்கு மேலே வெகு உயரத்தில், கடற்பாசி பச்சையாகப் படிந்திருந்தது. தண்ணீர் எதுவரை வரும் என்று அது காட்டியது. இப்போது வேடிக்கையாக எழுதுகிறேன். அப்போது அந்தப் பச்சையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஒரு மணி கூட்டினேன்" என்றார் பெட்டிஃபர், தனக்குத் தானே. "கூட்டணும். எப்பவும் கூட்டணும்."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன ராசா, கணக்கை விடு" என்றார் கிவெண்டா. சொல்லிக்கொண்டே சாண்ட்விச் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

இருந்த வழி ஒன்றுதான். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பிளவுக்குள் அலை புகுந்து, உறிஞ்சி, வெள்ளையாகப் பொங்கியது. நாலடி என்பது வரவேற்பறையில் ஒன்றுமேயில்லை. ஈரப் பாறையில், கீழே அந்தச் சத்தத்தோடு, அது ஒன்பதடியாகத்தான் தெரிந்தது. பெட்டிஃபரை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்று மன்னித்தேன்.

மேவிஸ் காலணிகளைக் கழற்றி ஒவ்வொன்றாக எதிர்ப்பாறைக்கு எறிந்தார். பாவாடையைத் தூக்கிச் செருகினார்.

"மேடம், உங்க வயசுல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"என் வயசு எனக்குத் தெரியும்ப்பா. தள்ளிக்கோ."

இரண்டடி பின்னால் போனார். தாவினார். எதிர்ப்பாறையில் முழங்கால் இடிபட விழுந்து, கையை ஊன்றி எழுந்து, எங்கள் பக்கம் திரும்பி நின்றார். தலைமுடி கலையவேயில்லை, பூச்சு அப்படி. முழங்காலில் ரத்தம் வடிந்தது. அந்த முகத்தை நான் முதல்நாள் திரையில் பார்த்திருந்தேன்.

பிறகு கிவெண்டா தாவினார், கர்த்தரையும் கடையையும் ஒரே மூச்சில் கூப்பிட்டபடி. மேவிஸ் பிடித்துக்கொண்டார். நான் தாவினேன். பெட்டிஃபர் மட்டும் திட்டின் ஓரத்தில், நாடாவைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். அலை அவர் காலணியை நனைத்தது.

"முடியாது" என்றார். "ஒன்பதடி."

"நீங்க அளந்தது நாலு."

"பதினோரு வயசுப் பொண்ணால முடியாது. நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

மேவிஸ் பாறையின் விளிம்புக்கு வந்து கையை நீட்டினார். குரலில் கோபம் இல்லை. நாற்காலியில் பயந்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு முதல்முறை முடிவெட்டுகிறவரின் குரல் அது.

"கீழ பார்க்காதீங்க. என்னைப் பாருங்க, மிஸ்டர் பெட்டிஃபர். அந்தப் பொண்ணு நான்தான். இந்தப் பக்கம் நிக்கிறேன் பாருங்க. வாங்க."

அவர் கீழே பார்க்கவில்லை. முப்பது வருஷம் கம்பளத்தின் கிழிசலையே பார்த்த கண், முதல்முறையாக ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்தது. நாடாவைக் கைவிட்டார். தாவினார். பாதிக் கால் வழுக்க, மேவிஸ் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்.

படிகளில் ஏறி மலைப்பாதைக்கு வந்து புல்லில் விழுந்தோம். கீழே குகை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. வெகுநேரம் கழித்து பெட்டிஃபர் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று மூவரும் காத்திருந்தோம்.

"படத்துல வலது காலை முன்னாடி வெச்சுத் தாவினீங்க. இன்னைக்கு இடது."

கிவெண்டா சாண்ட்விச் டப்பாவை அவர் மேல் எறிந்தார். மேவிஸ் சிரித்தார். சிரித்துச் சிரித்து உதட்டுச் சாயம் கலைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'தாவினீங்க' என்று அவர் சொன்னதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. மேவிஸ் கவனித்திருந்தார்.

அந்த வாரமே குழு கூடியது. பழைய வாசகம் கடலோடு போய்விட்டதால் கிவெண்டா புதிதாக ஒன்று எழுதி வந்திருந்தார்: 'இவ்விடத்தில் மேவிஸ் ட்ரெலோர் தாவினார்.' வாசித்து முடித்ததும் பெட்டிஃபர் கையை உயர்த்தினார். எனக்கு ரத்தம் கொதித்தது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு ஒரு வரியைக்கூட முழுசாக விட மாட்டாரா இந்த மனிதர்?

"வாசகத்துல ஒரு பிழை இருக்கு" என்றார். பேனாவை எடுத்து, கடைசியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்.

இப்போது மலைப்பாதையில் நீங்கள் போனால் பார்க்கலாம்: 'இவ்விடத்தில் மேவிஸ் ட்ரெலோர் தாவினார். இருமுறை.'

திறப்பு விழாவில் மேவிஸ் அதைப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அந்தக் கையை உதறவும் இல்லை, திருத்தவும் இல்லை.

சரி, வாசகரே. இவ்வளவும் படித்தீர்கள். நடுவில் எங்கேயாவது விரல் மடக்கி அந்த அலைக் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? எழுபது வயதுக்காரி ஈரப் பாறையில் நாலடி தாவுவாளா என்று உதட்டைப் பிதுக்கினீர்களா? பிளவுக்கு அந்தப் பக்கம் எறிந்த நாடாவை அங்கே யார் பிடித்தார்கள் என்று கேட்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். ஆகஸ்டில் வாருங்கள். இரண்டாவது வரிசையில் பெட்டிஃபருக்குப் பக்கத்து இருக்கை பல வருஷங்களாகக் காலியாகத்தான் கிடக்கிறது.